நல்ல தண்ணி ஊற்றவும்

“வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாளி எடுத்துவிட்டு, அதே அளவு நல்ல தண்ணி ஊற்றவும். – மார்ச், முதல் ஞாயிறு.” மலேசியாவில், என் சொந்த ஊரான கிள்ளானில் தங்கை மகளின் திருமணத்துக்குப் புறப்பட்ட அன்று, என் கடல்மீன் தொட்டியின் கண்ணாடியில் நான் ஒட்டிவிட்டுப் போன சீட்டு இது. தேதி போடாமல் எதையும் எழுத எனக்கு வராது. கையெழுத்தும் தெளிவாகத்தான் இருந்தது. தெளிவில்லாமல் போனது என் தமிழ். அது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

திருவொற்றியூரில் எனக்கு இது இரண்டாவது ஆண்டு. மனைவி மலர்விழி இந்த ஊர்க்காரி. அவளுடைய வேலை துறைமுகத்தில், என்னுடையது எங்கிருந்தும் செய்யக்கூடியது. ஆகவே நான்தான் கடல் தாண்டி வந்தேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். இருந்தும் நான் கடலை உப்புத்தூளாகப் பையில் வாங்கி, வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, நீல நிற டிரம் ஒன்றில் வைத்திருப்பேன். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் பக்கத்தில் கரைத்தண்ணீரை நம்பிப் பவளத்தை வளர்க்க முடியாது. கல் போல வளரும் பவளங்களை வீட்டில் வைக்கச் சட்டம் இடம் தராது. என்னிடம் இருப்பவை மென்மையான வகைகள், கூடவே இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால். பவளங்களில் பொத்தான் அளவில் விரியும் பச்சைப் பூக்கூட்டம் ஒன்று உண்டு. வாங்கும்போது நாலைந்து பூக்கள். புறப்பட்ட அன்று பாறையின் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை. புதிய ஊரில் நான் வேர்விட வைத்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

சாவியைக் கீழ்வீட்டு தேவி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். அவர் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்கா முன்பு தங்கமீன் வளர்த்தவர். உப்புப் பை முதல்முறை வந்த அன்று படிக்கட்டில் நின்று கேட்டார்: “இன்னா தம்பி, மீனுக்கு ஒடம்பு செரியில்லியா?” ஏதோ நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து, “மாசா மாசம் வேணும்க்கா” என்றேன். “பாவம்” என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கமீனுக்கு நோய் வந்தால் கல்லுப்பு போடுவார்கள் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் பாறை பழுப்பாக இருந்தது. பூக்கள் எல்லாம் குவிந்து, மூடிய இமைகள் போலக் கிடந்தன. கோமாளி மீன்கள் இரண்டும் மூலையில் அசைவின்றி நின்றன. இறாலைக் காணவில்லை. உப்பளவு பார்க்கும் கருவியில் கோடு மிகவும் கீழே நின்றது. டிரம் நான் நிரப்பி வைத்தபடியே ததும்பிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு மேலே வந்த தேவி அக்காவிடம் கேட்டேன்.

“அந்த டிரம்முல கீறது உப்புத் தண்ணி தம்பி. வாயில வெச்சிப் பாத்தேன், தூ. வாயில்லா ஜீவனுக்கு அத்தப் போயி ஊத்துவாங்களா? நீ எழுதுன மாதிரி நல்ல தண்ணிதான் ஊத்துனேன். போர் தண்ணி கிட்டவே போவல. தண்ணி லாரில புடிச்சி, ஒரு நாள் கொடத்துல தெளிய வெச்சி, எங்க வூட்டுக்குக் கூட இல்லாம ஊத்தினேன்.”

“அக்கா, இது கடல் மீனு.”

“கடல் மீனு கொழம்புக்கு. இது ஷோ மீனு. என்னிய இன்னா லூசுன்னு நெனச்சியா?”

மலர்விழிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவள்தான் எனக்கு விளக்கினாள். இந்தத் தெருவில் தண்ணீர் இரண்டு சாதி. நிலத்தடியிலிருந்து மோட்டார் ஏற்றுவது உப்புத் தண்ணி: துணிக்கும் தரைக்கும். லாரியில் வந்து, வண்ணக் குடங்களின் வரிசையில் காத்திருந்து வாங்குவதுதான் நல்ல தண்ணி. நாங்கள் கேன் வாங்குவதால் அந்த வரிசையை நான் மாடியிலிருந்து பார்த்ததோடு சரி. கிள்ளானில் மீன்தொட்டிப் பேச்சையெல்லாம் மலாயில் பேசிப் பழகியவன் நான். கடல்நீர் ஆயிர் லாவுட், குழாய்நீர் ஆயிர் பாய்ப். பதமாகக் கலந்து வைத்ததற்குத் தமிழில் சொல் தேடியபோது ‘நல்ல தண்ணி’ என்றுதான் வாயில் வந்தது.

அக்கா குனிந்து பாறையைப் பார்த்தார். “அப்ப நான் ஊத்துனது வெஷமா?” என்றார். இல்லை என்றேன். அது பொய்யில்லை. தெளியவைத்த தண்ணீராக இல்லாமல் குளோரினோடு ஊற்றியிருந்தால் எதுவுமே மிஞ்சியிருக்காது. பூக்கள் பிழைக்குமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

உப்பை ஒரேயடியாக ஏற்றக்கூடாது. டிரம்மிலிருந்து தினமும் கொஞ்சமாக மாற்றினேன். தினமும் காலையில் அக்கா மேலே வந்து, வாசலிலேயே நின்று, “தொறந்துச்சா?” என்பார். இல்லை என்றால் இறங்கிவிடுவார். ஒரு காலையில் நான் தொட்டியைக் கையால் காட்டினேன். பாறையின் விளிம்பில் ஒரு பச்சைப் பொத்தான் விரிந்திருந்தது. அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். “ரோசக்காரப் பூவு. ஒரு கொடம் தண்ணிக்கு இம்மா நாளு மூஞ்சத் தூக்கிகினு கீது.” கூட்டத்தில் பாதி கரைந்துபோயிற்று, மீதி பாதி நாளாக நாளாகத் திறந்தது. இப்போது வெள்ளிக்கிழமை வாளி மாற்றுவது அக்காதான். டிரம்மில் ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, பிறகு ஊற்றுகிறார்.

தங்கையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “அண்ணே, பைப்ப தொறந்தா வர்றது எல்லாம் நல்ல தண்ணிதானே லா. அப்புறம் கெட்ட தண்ணி எது?” என்று சிரித்தாள். அதன்பிறகுதான் எனக்கு ஒரு நினைவு வரத் தொடங்கியது. சிறுவயதில் நாங்கள் இருந்த எஸ்டேட் தோட்டத்து வீட்டில், குழாய் நின்றுபோகும் நாட்களுக்காக அம்மா மூடிவைத்த அலுமினிய அண்டா. “அது நல்ல தண்ணி, கைய விடாதே.” தங்கை மறுக்கிறாள்: அண்டா உண்டு, அந்தச் சொல் கிடையாது என்கிறாள். கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மா இல்லை. அந்தக் குரலைக் கூர்ந்து கேட்டால் சில நாள் அம்மாவுடையதாக இருக்கிறது. சில நாள் படிக்கட்டில் ஏறிவரும் தேவி அக்காவுடையதாக இருக்கிறது. அம்மா அப்படிச் சொன்னாரா என்பது இதுவரை உறுதிப்படாத தகவல். உறுதிப்படாதது என்றே எழுதி வைக்கிறேன்.