இருபத்துநான்காவது வீடு

அந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மெர்லின் அக்கா வருவதாக இருந்தது. மாரமங்கலத்தில் நானும் அப்பாவும் காத்திருந்தோம். பஸ் வந்தது, அக்கா இறங்கவில்லை. வீடு திரும்பும்போது அப்பாவுக்குப் போன் வந்தது. உங்கள் வகுப்பு சுகன்யா அக்காதான் பேசினார். மெர்லினுக்கு ஐந்து நாள் டெங்குக் காய்ச்சல், காலையில் இறந்துவிட்டார் என்றார். பேச்சு முடிந்த பிறகும் அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மெர்லின் அக்காவோடு எம்.எஸ்சி. படித்த உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? மலையில் அவர் எப்படி இருந்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று காட்டும் வரைபடம்தான் அவருடைய ஆய்வு. செயற்கைக்கோள் படத்தை வைத்துச் செய்த முதல் வரைபடத்தை எங்களிடம் காட்டினார். எங்கள் பக்கம் முழுவதும் ஒரே பச்சை. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் கூரைகளை மறைத்ததால், கணினி எங்கள் ஊரைக் காடு என்று எண்ணிவிட்டது.

"ஏனுங்க அம்மணி, சாட்டிலைட்டுக்கு எங்க ஊடு தெரியலீங்களா? கரண்டு பில்லு மட்டும் தப்பாம வருதுங்களே" என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "படத்துல ஊடு இல்லைன்னா, அந்த ஊட்டுக்கு ஆஸ்பத்திரி எத்தனை தூரம்னு யாருமே கேக்க மாட்டாங்க, கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் ஜி.பி.எஸ். கருவியோடு வந்து வாசல் வாசலாக நின்றார். மரத்தடியில் அதில் இடத்தைக் காட்டும் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். அவை அடங்கப் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அட்டை கடித்தாலும் நிற்பார். "நொம்ப அவசரப்பட்டா ஊடு ஓடையில போய் உழுந்துரும்" என்பார்.

ஒருநாள் அவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. ஓடைக்கு அருகில் இருக்கும் பொன்னாயி அத்தை வீட்டுக்குக் கருவியைக் கொடுத்து என்னை அனுப்பினார். அது இருபத்துநான்காவது வீடு. மழை பிடித்துக்கொண்டது. நான் முதலில் வந்த எண்ணை எழுதிக்கொண்டு ஓடிவந்தேன்.

"பத்து நிமிஷம் நின்னியா?" என்று கேட்டார். நின்றேன் என்றேன். அதிகம் நனையாத என் சட்டையைப் பார்த்தார். "சரி சாமி, தலையைத் துவட்டு" என்று மட்டும் சொன்னார். அவர் நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன்.

அடுத்த வாரம்தான் அந்த பஸ் வந்தது.

மீதி வேலையை முடிக்க, மெர்லின் அக்காவின் நோட்டோடு சுகன்யா அக்கா வந்தார். நான் எழுதிய எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் மெர்லின் அக்காவின் சின்னக் கையெழுத்து: "பாப்பா நிக்கலை. மழை. திட்டக் கூடாது. சனிக்கிழமை நானே போய் நிக்கணும்."

நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுக் கருவியை வாங்கிக்கொண்டு போனேன். பொன்னாயி அத்தை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். வாசலிலேயே நின்றேன். கண்ணீரில் எண்கள் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவை அடங்கும்வரை அசையவில்லை.

இப்போது அந்த வீடு வரைபடத்தில் தன் இடத்தில் இருக்கிறது. நோட்டை உங்கள் துறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அக்கா எனக்காக வந்து நிற்க நினைத்த அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இருக்கிறது.