எம் எழுத்து வரைக்கும் ஜெய்லானி பாய்

நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். விஸ்வநத்தத்தில் கூலிக்குத் திரி வெட்டியவன். இன்றைக்கு எழுபத்துமூணு வயதில், எண்பது பேருக்கு வேலை கொடுக்கிற பட்டாசுக் கம்பெனிக்கு முதலாளி. என் கதையை எழுத ஒரு புத்தகம் பத்தாது. ஆனாலும் இதை ஜெய்லானி பாயைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்தச் சங்கிலிமுத்து வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளிடம்தான் தோற்றிருக்கிறான், அது அவரிடம்.

பாய் சிவகாசியில் பழைய பேப்பர் வியாபாரி. வெடிக்குக் குழாய் உருட்டக் காகிதம் வேண்டுமில்லையா, அதை லோடு லோடாக வாங்கி எங்களுக்குத் தள்ளுகிறவர். படிப்பு அஞ்சாங்கிளாஸ். என்னைவிட ரெண்டு கிளாஸ் கூட, அவ்வளவுதான்.

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால், எங்கேயோ பூட்டிக் கிடந்த பங்களாவிலிருந்து அவருக்கு ஒரு லோடு வந்தது. அதில் வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்று, செங்கல் கனத்தில், முதுகு பிளந்து ரெண்டாகக் கிடந்திருக்கிறது. முதல் பாதியை எடுத்து வைத்துவிட்டு மறுபாதியைத் தேடுவதற்குள், அந்த மூட்டை என் கம்பெனிக்கு ஏறிவிட்டது. எம் எழுத்துக்குப் பிறகு வந்த இங்கிலீஷ் முழுவதையும் அந்தத் தீபாவளிக்குச் சரவெடியாக வெடித்தவன் நான்தான். மாவட்டத்தில் வேறு எவனும் செய்யாத காரியம்.

மிச்சப் பாதியை பாய் தராசுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தார். இப்போது இங்கிலீஷ்காரனே பேசாத வார்த்தையெல்லாம் அவர் வாயில் புழங்கும். நியூஸ் பேப்பர், பரீட்சைத் தாள், காலண்டர் எல்லாம் கலந்து வந்தால், "இது காலிமாஃப்ரி லோடு, விலை கம்மி" என்பார். அப்படியென்றால் கதம்பக் கூட்டாம். பொழுது மசங்குகிற நேரம் குளோமிங். மீசை அரும்பி, கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிற விடலைப்பயல் ஹாபிள்டிஹாய். என்னைக் காக்கலோரம் என்பார். அர்த்தம் கேட்டேன்.

"நெஞ்சை நிமித்தி நிக்கிற சேவல் அண்ணாச்சி."

எனக்கு ரொம்பப் பொருத்தம் என்று பத்து வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். 'ஆள் சிறிசு, நினைப்புப் பெரிசு' என்று அதற்கு மீதி அர்த்தம் ஒன்று இருப்பதை அப்புறம்தான் சொன்னார்.

தோற்ற கதைக்கு வருகிறேன். கையிலே போன் வைத்து எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிற காலம் வருவதற்கு முந்தி, ஒரு பழைய இங்கிலீஷ் பட்டாசு நோட்டு என் கைக்கு வந்தது. அதில் ஒரு மஞ்சள் மத்தாப்பு. அப்படி ஒரு மஞ்சளை இங்கே எவனும் கொளுத்தினதில்லை. மருந்துப் பேரை மட்டும் இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் பழகியவன் நான்; சேர்மானத்தில் ஒரு பெயர் மட்டும் புரியவில்லை: ஆர்பிமென்ட். மதுரையில் ஒரு வியாபாரி அந்தப் பெயரிலேயே ஒரு டப்பா தூள் வைத்திருந்தார்; பேரைத் தவிர அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாங்கிவிட்டேன். வடக்கே ஆர்டரும் பிடித்துவிட்டேன். திங்கட்கிழமை மருந்து கலக்க வேண்டும். படித்தவனிடம் நோட்டைக் காட்டினால் ரகசியம் போய்விடும். அந்த ஒற்றை வார்த்தையை இங்கிலீஷிலேயே சீட்டில் எழுதி வெள்ளிக்கிழமை பாயிடம் கொண்டுபோனேன். டப்பாவில் வாங்கி வைத்திருக்கிற ஒரு மருந்துத் தூளின் பேர் என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அகராதியின் கடைசித் தாளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஓ-வுல ஆரம்பிக்குது அண்ணாச்சி."

"ஆமா. அதுக்கென்ன?"

"தெரியாது."

மூட்டை தூக்குகிற பலவேசம் கெக்கெக்கே என்று சிரித்தான். "டிக்சனரி பாய்க்கே தெரியலையா? ஓ எங்க போச்சு பாய்?"

"அந்தா நிக்காகல்ல, அவுககிட்ட கேளு. வெடிச்சுட்டாக."

எனக்குச் சுருக்கென்றது. "குத்துமதிப்பா ஒண்ணு சொல்லுங்க பாய். நீங்க சொன்னா நான் நம்புவேன்."

"நம்புவீக. அதனாலதான் சொல்ல மாட்டேன். அந்தத் தூளை யாரு கையில அள்ளுவா? நீங்களா?"

நான் இல்லை. பேச்சியம்மாள்தான் அள்ளுவாள். பதினெட்டு வருஷமாக என் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். அந்தக் கையைக் கழுவி அதே கையால்தான் மத்தியானம் தூக்குவாளியைத் திறப்பாள்.

"நாலு நாள் பொறுங்க. அதுவரை டப்பாவைத் திறக்காதீக" என்றார்.

மறுநாள் கடை சாத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்காரி அக்தர் பேகம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே எழுதிக் கொடுத்தீக இவருக்கு? ஏ-யில ஆரம்பிச்சு ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் படிக்காரு. சோத்துல கை வைக்க மாட்டேங்காரு."

உள்ளேயிருந்து பாய் குரல் வந்தது: "ஒரு வார்த்தைக்கு அர்த்தம் எழுத இன்னொரு வார்த்தை வேணும்ல, அண்ணாச்சி. போன பாதியில உள்ளது இருக்கிற பாதியில எங்கயாவது ஒட்டிக்கிட்டுக் கிடக்கும்."

திங்கட்கிழமை வடக்கத்தி ஆள் போன் மேல் போன். எத்தனை நாளைக்கு ஒரு பேப்பர்க்காரருக்காகக் காத்திருப்பது? டப்பாவை மருந்து கலக்கிற செட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னேன். பேச்சியம்மாள் மூடியில் கை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முதலாளி, இது என்ன மருந்து?"

கேட்கக்கூடாத கேள்வி இல்லை. என் கம்பெனியில் எந்த மருந்தைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வேன். அன்றைக்குச் சொல்ல இருந்தது 'தெரியாது' என்ற ஒன்றுதான். எத்தனையோ பரிசோதனை ஆபீசரிடம்கூட நான் சொல்லாத வார்த்தை. பாய் பலவேசம் முன்னால் அதை எப்படிச் சொன்னாரோ! அந்த இடத்தில்தான் நான் அவரிடம் தோற்றேன்.

"மூடி வை. பாய் வரட்டும்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். கேரியரில் அந்தப் பாதி அகராதி கயிற்றால் கட்டியிருந்தது. கண் ரெண்டும் மிளகாய்ப்பழம். கே எழுத்தில் ஒரு பக்கத்தை விரித்தார். கிங்ஸ் யெல்லோ. ராசா மஞ்சள். பக்கத்தில் இங்கிலீஷில் என் சீட்டில் இருந்த அதே வார்த்தை, அதற்குப் பின்னால் தமிழில்: தாளகம், பாஷாண வகை, உண்டால் கொல்லும்.

"ஆர்சனிக் அண்ணாச்சி. சட்டமே கூடாதுங்குதுல்ல?"

ஆமாம், ஆர்சனிக் கூடாது என்று என் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு இப்படி ஒரு பழைய பேர் இருப்பதுதான் யாருக்கும் தெரியாது. பேச்சியம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டப்பா அப்படியே முத்திரை பிரியாமல் மதுரைக்குத் திரும்பியது. ஆர்டர் போனது. போகட்டும், அதைப்போல நூறு ஆர்டர் பார்த்தவன் நான்.

"இருந்தாலும் பாய், மூடி வைன்னு சொன்னது நான்தானே? அந்தப் புத்தி எவனுக்கு வரும்?" என்றேன்.

"காக்கலோரம்" என்று சிரித்துக்கொண்டே பேச்சியம்மாள் கொடுத்த மோரைக் குடித்தார்.

அதற்கப்புறம் நான் எதுவும் உத்தரவு போடவில்லை. பேச்சியம்மாள்தான் குழாய் உருட்டுகிற பெண்களிடம் சொல்லி வைத்தாள்: ரெண்டு பத்தியாக இங்கிலீஷும் தமிழும் அடித்த தாள் எந்த மூட்டையில் வந்தாலும் உருட்டக்கூடாது, தனியாக எடுத்து வைக்க வேண்டும். அவளுக்கு எழுத்து தெரியாது. தாளின் சாயலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். எந்தெந்த அகராதியில் கிழிந்ததோ, இருபது வருஷத்தில் நாற்பத்தொரு தாள் பாய் கைக்குப் போயிருக்கிறது. அந்தப் பாதியின் வாலில் ஊசி நூலால் தைத்து வைத்திருக்கிறார். டபிள்யூ-வில் ரெண்டு தாள் இருக்கிறது. ஓ இன்னும் வரவில்லை.

போன வாரம் புது ஏஜெண்டு ஒருவர் வந்தார். பெண்கள் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உருட்டுவதைப் பார்த்து, "ஏன் இம்புட்டு மெதுவா செய்யுறாக?" என்று கேட்டார்.

படித்துப் பார்த்துவிட்டு உருட்டுகிற கம்பெனி சிவகாசி வட்டாரத்தில் என்னுடையது ஒன்றுதான் என்று சொன்னேன். வேறு எங்கேயாவது இருந்தால் காட்டட்டும்.