டைல்ஸுக்குப் பின்னால் ஒரு கையெழுத்து

டைல்ஸ் ஒட்டும் அந்தக் கான்ட்ராக்டருக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே ஊர் வைத்திருந்தது: ரசமட்டம். அவர் ஒட்டியதைப் பெயர்க்க ஒருமுறை யானையைக் கட்டி இழுத்தார்களாம். அன்று மூக்கு நீண்டுதான் யானைக்குத் தும்பிக்கை வந்ததாம். யானையை விடுங்கள், ஒட்டு நிஜம்.

அந்த ஒட்டே அவர் கழுத்தை நெரித்தது. ஒரு லாட்ஜில் நாற்பது குளியலறைகளை முடித்துக் கொடுத்து எட்டு மாதமாகியும் முதலாளி கூலி தரவில்லை. பசையும் டைல்ஸும் கடனாகக் கொடுத்த கடைக்காரரிடம் வீட்டுப் பத்திரம் இருந்தது. வருஷக் கடைசிக்குள் தீர்க்காவிட்டால் வீடு போய்விடும்.

"ஒப்பந்தம் இருக்காண்ணே?" என்றார் வக்கீலம்மா.

"இருக்கும்மா. அளவு, ரேட்டு, முதலாளி கையெழுத்து, எல்லாம் இருக்கு."

"குடுங்க."

"சுவத்துல இருக்கும்மா."

பூச்சுச் சுவரிலேயே பென்சிலால் கணக்கெழுதிக் கையெழுத்து வாங்குவது அவர் வழக்கம். மற்றவர்கள் அதைப் போட்டோ எடுத்து வைப்பார்கள். இவருக்கு வாக்கே போதும்.

"அதுக்கு மேல டைல்ஸ் ஒட்டினது யாரு?"

"நான்தான்."

கூட வந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "தனக்குத் தானே குழி வெட்டிக்கிட்டவங்க உண்டு. அதுக்கு மட்டம் பாத்து டைல்ஸும் ஒட்டினது நீங்க ஒருத்தர்தான்!"

"நாமளாப் போய் உடைச்சா நம்ம மேலயே கேஸ் வரும்," என்றார் வக்கீலம்மா. "முதல்ல நோட்டீஸ். மசியலைன்னா வழக்கு. கோர்ட்டு அனுப்புற கமிஷனர் முன்னால பெயர்த்துப் பாக்கலாம்."

நோட்டீஸுக்குப் பதில் ஒரே வரி: அப்படி ஒருவரை எனக்குத் தெரியவே தெரியாது.

வழக்கு போட்டு, கமிஷனர் வருவதற்குள் வருஷத்தில் பத்து நாள்தான் மிச்சம். பன்னிரண்டாம் அறை, வாஷ்பேசினுக்கு மேல் மூன்றாம் வரிசை. ரசமட்டம் உளியை வைத்தார். வாழ்நாளில் முதன்முறையாகத் தன் ஒட்டு தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அடித்தார்.

ஒட்டு தோற்கவில்லை. டைல்ஸோடு பூச்சும் பிய்ந்து வந்து, பொலபொலவென்று தரையில் கொட்டியது. எழுத்துமில்லை, கையெழுத்துமில்லை. மனைவி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "யோவ் ரசமட்டம்! அன்னிக்கே சொன்னேன்ல, இவ்வளவு பசை வேணாம்னு!"

கமிஷனர் மெல்ல நிமிர்ந்தார். "இவரைத் தெரியாதுன்னீங்களே?"

பேனா ஓடத் தொடங்கியது. வழக்குக்கு உயிர் வந்துவிட்டது என்று வக்கீலம்மா காதோரம் சொன்னார். ரேட்டை நிரூபிக்க இன்னும் எத்தனை மாதமாகும் என்று மட்டும் சொல்லவில்லை. பத்தே நாள். ரசமட்டம் மண்டியிட்டு, கொட்டிய பூச்சைக் கைக்குள் அள்ளி, கறுப்பாக ஒரு கீறலாவது தெரிகிறதா என்று விரலால் கிளறிக்கொண்டிருந்தார்.