மாடத்தி மேட்டுக்கு மூன்று சாட்சி

நில அளவை வேலையில் இருக்கும் எனக்கு அந்த வருடம் கூடுதலாக ஒரு வேலை வந்தது. புதிய வரைபடத்துக்காக, ஆனைக்குட்டம் பக்கத்துக் கிராமங்களில் ஓடை, குளம், மேடு ஒவ்வொன்றையும் ஊரார் என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு பெயருக்கு மூன்று சாட்சிக் கையெழுத்து.

ஒரு கிராமத்தை மூன்றே நாளில் முடித்துவிட்டுப் பெருமையடித்துக்கொண்டேன். படிவங்களை அடுக்கும்போதுதான் உறைத்தது. அத்தனை கையெழுத்தும் நிலம் வைத்திருக்கிற நாலைந்து வீட்டுக்காரர்களுடையது. நான் போனதெல்லாம் பத்து மணிக்கு மேல். காலனிக்காரர்களை ஏழு மணிக்கே பட்டாசுக் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும். பாதி ஊரைக் கேட்காமலே ஊரை எழுதியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு எரிச்சல்.

மறுநாள் ஆறரைக்கே வேன் நிற்கும் வேப்பமரத்தடிக்குப் போய் வரைபடத்தை விரித்தேன். ‘வெறும் பொட்டல்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு பெண் விரலை வைத்தார்.

“இதுக்கா பேரு இல்லைன்னாக? இது மாடத்தி மேடு மேடம். எங்க ஆளுகள அங்கனதான் அடக்கம் பண்றோம்.”

பொட்டல் என்று எனக்குச் சொன்னவருடைய வயல் அந்த மேட்டை ஒட்டித்தான் இருக்கிறது. வரைபடத்தில் அப்படியே ஏறிவிட்டால் நாளைக்கே அவர் வேலியை நகர்த்துவார். கேட்க ஒருவருக்கும் ஆதாரம் இருக்காது.

“கையெழுத்துப் போடுவீங்களா?” என்றேன். எல்லோரும் வந்து நின்ற வேனைப் பார்த்தார்கள். “என் வீடு அவுக வயலை ஒட்டி இருக்கு” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணும் ஏறிக்கொண்டார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று வீட்டில் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். தினமும் ஆறரைக்குப் போய் நின்றேன். ஐந்து நாளில் இரண்டு கையெழுத்து கிடைத்தது. வயல்காரர் வண்டியை நிறுத்திக் கேட்டார்.

“ஏம்மா, ஒரு பொட்டலுக்கு எதுக்கு இம்புட்டு அலையுறீக? ஆபீசுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுபோகும்.”

“போடுங்க சார். மூணாவது சாட்சி கிடைச்சா நான் எழுதத்தான் செய்வேன்.”

சொல்லிவிட்டு வரைபடத்தைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

படிவம் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. மூன்றாவது ஆள் இல்லை. வேன் வந்து நின்றது. சீசன் அவசரத்தில் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். அந்தப் பெண் படியில் ஒரு காலை வைத்தவர், இறங்கி வந்தார்.

“குடுங்க பேனாவ.”

பட்டாசு மருந்துக் கறை போகாத விரல்களால் எழுத்து எழுத்தாகப் போட்டார். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“இருக்கு. ஆனா எங்கம்மாவ அங்கனதான வச்சிருக்கோம் மேடம். நான் பயந்துக்கிட்டு நின்னா, அவ எங்கன போவா?”