அத்தானின் ஐந்து வாட் பெட்டி

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். வருகிறவர்களில் பாதிப்பேர் அதில்தான் உட்காரப் பார்ப்பார்கள். அக்கா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போடுவாள். முன்பக்கத்தில் அவளுடைய பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்து இழுத்துக் கட்டியிருக்கிறது. அந்தத் துணிக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர். பின்பக்கம் பாதிக்கு மேல் பலகையே கிடையாது. பக்கப் பலகையில் ஒரு கண்ணாடித் தம்ளர் படமும், இந்தப் பக்கம்தான் மேலே என்று காட்டுகிற அம்புக்குறியும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். பலகையை அறுத்தவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அம்பு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறது. பெட்டியின் தலைமேல் ஒரு சின்னத் தகர டப்பா, அதற்குள் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள். கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர். வெறும் ஐந்து வாட். அந்த அறையில் எரிகிற பல்பே ஒன்பது வாட். அந்த டப்பாவைக் கட்டி முடித்து அத்தான் என்னிடம் பெருமையாகக் காட்டிய அன்று நான் சிரித்துவிட்டேன். மின்சார ஆபீஸில் கிளார்க்காக இருந்தவனுக்கு வாட் என்றால் பில்தான் ஞாபகம் வரும், வேறு என்ன வரும்?

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையின் பாடகர் குழுவோடு கிட்டார் வாசிப்பார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மெஷினில் இடதுகை மாட்டி, கடைசி இரண்டு விரல்களும் மடங்காமல் போய்விட்டன. மரக்கிட்டாரின் தடித்த கம்பியை அழுத்த அந்தக் கைக்குப் பலம் இல்லை. அதனால் மெல்லிய கம்பி போட்ட எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் அது தகரத்தில் மழைத் தூறல் விழுகிற சத்தம்தான் போடும். ஆக, அவர் வாசிக்க வேண்டுமென்றால் பெட்டி வேண்டும். சபையில் பெரிய பெட்டி இருந்தது. அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை அக்காவுக்கு வந்தது. எங்கள் வீட்டிலேயே நல்ல குரல் அவளுக்குத்தான். பாடகர் குழுவில் அவள் நின்றால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். கழுத்தில் ஒரு கட்டி வந்தது. குரல் நரம்பைச் சுற்றியே வளர்ந்திருந்ததால் அறுவை முடிந்த பிறகு உயிர் இருந்தது, குரல் இல்லை. மாதங்கள் போய் மெல்லிய ஒரு சத்தம் திரும்பியது. பேசப் போதும். பாட முயன்றால் சுருதி கிடைக்காமல் தடுமாறும். சபையில் ஒரு ஞாயிறு நின்று பார்த்தாள். கீபோர்டும் பெரிய ஸ்பீக்கரும் சேர்ந்து அவளை விழுங்கிவிட்டன. அதோடு வாயை மூடினாள். வீட்டில் மாலை ஜெபத்தில் அவர்கள் இரண்டு பேர்தான், பிள்ளைகள் இல்லை. அங்கும் பாட்டை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவாள். அடுக்களையில்கூட முனகமாட்டாள். எனக்கு அது தாங்கமுடியவில்லை. பாடாத அக்காவை எனக்குத் தெரியாது.

அத்தான் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மனுஷனுக்கு அது வராது. தகர டப்பாவைக் கட்ட ஆரம்பித்தார்.

“இருக்கிற பெரிய பெட்டியிலயே சத்தத்தைக் குறைச்சு வச்சு வாசிங்களேன் அத்தான்” என்றேன்.

“குறைச்சா அது வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுத மாதிரி இருக்கும் வே. உயிரு இருக்காது. சின்னதா ஒண்ணு வேணும். அது தன்னால முடிஞ்ச மட்டும் முழுசாப் பாடணும், ஆனாலும் அவ குரலுக்கு மேல போவக் கூடாது” என்றார்.

டப்பா சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்குப் பொருத்தமான ஸ்பீக்கரும் பெட்டியும் அமைவதுதான் பெரும்பாடாகிவிட்டது. முதலில் செய்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு. நம் ஊரில் எதைச் செய்தாலும் கனமாகச் செய்தால்தான் மனசு ஆறும். கதவென்றால் தேக்கு, கட்டிலென்றால் தேக்கு. எங்கள் பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்குப் பலகைகளை நான்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். அத்தான் டவுனில் போய் நூறு வாட் தாங்கும் என்று எழுதியிருந்த புத்தம்புது ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தார். அடுப்புக்கல் மாதிரி காந்தம், ஓரத்தில் தடித்த ரப்பர். ஆசாரி நாலு பக்கமும் மூடி, இடுக்கில்லாமல் இழைத்து, பாலீஷ் போட்டுக் கொடுத்தார். கல்யாணச் சீராகக் கொடுக்கலாம், அத்தனை அழகு. தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

அத்தான் வாசித்தார். பக்கத்து அறையில் யாரோ போர்வைக்குள் வாசிப்பது போலக் கேட்டது. டப்பாவின் சத்தத்தைக் கடைசி வரை திருகினார். போர்வை விலகவில்லை. அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். குருவி தலையில் பனங்காயை வைத்த கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு அத்தான்? அவளே மறந்துட்டு இருக்கா. நீங்க தினம் தினம் ஞாபகப்படுத்துதீங்க” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நூறு வாட்டுன்னு போட்டிருந்தா அது தாங்குத கணக்கு மாப்ள. நான் அதைப் பாடுத கணக்குன்னு நினைச்சிட்டேன். தாங்குதது வேற, பாடுதது வேற” என்றார்.

அதன் பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு, கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடுகிற ஒருவர் கடைக்குப் போனார். அவர் கடையின் பின்னால் கழித்துப்போட்ட ஸ்பீக்கர்கள் மலையாகக் கிடந்தன. அத்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கூம்பை நகத்தால் மெல்லத் தட்டுவார், காதை வைப்பார், போட்டுவிடுவார். கடைக்காரர் பொறுமை இழந்து, “அண்ணாச்சி, தேங்காயா வாங்குதீய?” என்று கேட்டார். கடைசியில் வால்வு ரேடியோ காலத்துப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று அகப்பட்டது. காய்ந்த வெற்றிலை போல மெல்லிய கூம்பு, ஓரத்தில் ரப்பர் இல்லை, காகிதமே மடிப்பு மடிப்பாக. மீட்டரை வைத்தார். மின்தடை பதினாறு ஓமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. “அப்படித்தான் காட்டும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருடைய டப்பாவில் ஸ்பீக்கர் ஒயரைக் கோக்கப் பதினாறு ஓமுக்கென்று ஒரு துளை இருந்தது. இதுக்கு அதிகம் தாங்காது, ஆனால் கொஞ்சம் கொடுத்தாலே பாடும் என்றார்.

பெட்டிக்கு இந்த முறை தேக்கு வேண்டாம் என்றுவிட்டார். பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பைன் மரப் பெட்டியின் பலகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். லேசு, விரலால் தட்டினால் சத்தம் கொடுக்கும். ஆசாரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். “விறகை இழைக்கச் சொல்லுதீயளே, நாளைக்கு இதை நான்தான் செஞ்சேன்னு வெளிய சொல்லாதிய” என்றார். பின்பக்கத்தைத் திறந்துவிடச் சொன்னதும் முழுப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார். படமும் அம்பும் அழியாமல் இருப்பது அவருடைய கோபத்தால்தான். இழைக்காமலே ஆணி அறைந்து கொடுத்தார்.

சேர்த்து முடித்த அன்று சாயங்காலம் நான், மைக்செட்காரர், அத்தான் மூவரும் முன்னறையில் இருந்தோம். ஸ்விட்சைப் போட்டார். வால்வு சிவந்தது. கிட்டாரைத் தொடுவதற்கு முன்னாலேயே பெட்டியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வந்தது. தேக்குப் பெட்டியில் இது கேட்டதே இல்லை. அந்த ஸ்பீக்கர் இதைக் கவனிக்கவே இல்லை. இந்தக் கிழட்டு ஸ்பீக்கர் ஒன்றையும் விடாது போலிருக்கிறது. அத்தானின் முகம் செத்துவிட்டது. மைக்செட்காரர் எழுந்து வந்து, “கரண்டு இரையுது அண்ணாச்சி. நாளைக்கு டப்பாவைக் குடுங்க, சுத்தமா எடுத்துருதேன்” என்றார். அத்தான் தலையாட்டிக்கொண்டே ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

“அணைக்காதீங்க” என்று அடுக்களை வாசலிலிருந்து சத்தம் வந்தது.

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பலகையில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு அந்த இரைச்சலோடு ஒட்டி, அதே இடத்தில், மெல்ல முனகினாள். தடுமாறி விலகியது. திரும்ப இரைச்சலைப் பிடித்து ஏறினாள். தேடிக்கொண்டிருந்த சுருதி கைக்கு அகப்பட்டது போலக் குரல் அதில் நிலைத்து நின்றது. அம்மா எங்களைத் தூங்கவைக்கப் பாடுகிற கீர்த்தனையை எடுத்தாள். பழைய குரல் இல்லைதான், அதன் எலும்பு மட்டும்தான். ஆனால் அவள் பாடினாள். அத்தான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கம்பியைத் தொடவே இல்லை. நான் வாசலுக்குப் போய் நின்று அழுதேன். வெட்கம் என்ன இருக்கிறது, அழுதேன்.

அந்த இரைச்சல் நின்ற இடம் கிட்டாரின் ஜி சுருதிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுமாம். அதற்குப் பிறகு அத்தான் கிட்டாரை ஒரு மயிரிழை ஏற்றி அதற்குச் சமமாக வைத்துக்கொள்வார். எல்லாப் பாட்டும் அந்தச் சுருதியில்தான். தினம் மாலை ஜெபம், அவர் ஸ்டூலில், அவள் தரையில் பெட்டியோடு ஒட்டி. நான் எத்தனையோ நாள் போய் உட்கார்ந்திருக்கிறேன். கிட்டார் அவளுக்குக் கீழேயே வரும், ஒரு தடவையும் தாண்டாது. அத்தான் எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: “ஸ்பீக்கர் ஒயரைக் கோக்காம ஸ்விட்சைத் தொட்டுராதேயும். வால்வு ஆம்புக்குத் தனியா நிக்கத் தெரியாது வே. சோடி இல்லைன்னா தன்னையே எரிச்சுக்கிடும்.” தானும் ஒவ்வொரு நாளும் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். இதற்குள் யார் வந்து பிடுங்கப் போகிறார்கள் என்று நான் கேலி செய்வேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பட்டறைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

முன்னறையில்தான் குளிர்பெட்டியில் கிடத்தினோம். இடம் போதவில்லை என்று யாரோ மரப்பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். மதியம் பாடகர் குழு வந்தது. கீபோர்டும், சக்கரம் வைத்த ஒரு ஸ்பீக்கரும் கொண்டுவந்தார்கள். அன்போடுதான் வந்தார்கள், குறை சொல்லமாட்டேன். ஜெபத்துக்காகக் குளிர்பெட்டியின் மோட்டாரை நிறுத்தினார்கள். முதல் பாட்டை எடுத்ததும் அக்காவின் உதடு அசைவதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை, வந்திருந்தாலும் அந்தப் பெரிய ஸ்பீக்கருக்கு மேல் யாருக்குக் கேட்கும்? இரண்டாவது அடியில் உதடும் நின்றுவிட்டது. அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிட்டது. இன்று மூடினால் இனி அவள் திறக்கமாட்டாள்.

பாட்டு முடிந்து போதகர் ஐயா வேதத்தைத் திறக்கும் முன் அவள் என்னைப் பார்த்தாள். “ஏலே, அந்தப் பெட்டியைப் போடு.”

“வாசிக்க ஆளில்லையேக்கா.”

“வாசிக்க யாருலே கேட்டா? போடு.”

அத்தனை பேரும் பார்க்க நான் பெட்டியிடம் போனேன். ஸ்விட்சில் விரலை வைத்த பிறகுதான் அத்தானின் கட்டளை மண்டையில் உறைத்தது. பின்னால் கையை விட்டுத் துழாவினேன். ஒயர் பிடுங்கிக் கிடந்தது. பெட்டியைத் தள்ளும்போது கழன்றிருக்கிறது. டப்பாவில் அதற்கான துளை சட்டென்று அகப்படவில்லை. கோத்துவிட்டு, இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, போட்டேன். வால்வு சிவந்தது. பிறகு ‘ம்ம்ம்’ என்று அது வந்தது. அக்கா அத்தானின் தலைமாட்டிலிருந்து எழுந்துவந்து பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்தாள், பலகையில் உள்ளங்கையை வைத்தாள், பாடினாள். முழுப் பாட்டையும் பாடினாள். கீபோர்டுக்காரப் பையன் கையை மடியில் வைத்துக்கொண்டான். அவ்வளவு கூட்டத்திலும் அவள் குரல் கடைசி ஆள் வரை கேட்டது. ஏனென்றால் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு அதற்குக் கீழே இருந்தார்கள்.

இப்போது இரைச்சல் முன்பைவிடக் கொஞ்சம் தடித்துவிட்டது. போன வாரம் மைக்செட்காரர் வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே சில சாமான்கள் வயசாகிவிட்டன, மாற்றாவிட்டால் ஒரு நாள் நின்றுவிடும் என்றார். “மாத்துனா இந்தச் சத்தம் போயிருமா?” என்று அக்கா கேட்டாள். “சுத்தமாப் போயிரும்க்கா” என்றார் அவர் சந்தோஷமாக. “அப்போ மூடிருங்க” என்றாள். நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்றுச் சாயங்காலமும் போயிருந்தேன். கிட்டார் பீரோமேல் உறைக்குள் இருக்கிறது. ஸ்டூலை எடுத்துப்போடு என்று அவளும் சொல்வதில்லை, நானும் அதில் உட்காருவதில்லை. விளக்கைப் போட்டு, பாட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்து, அக்கா குனிந்து பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். ஒயரைத் தொட்டுப் பார்த்தாள்.

“கோத்துத்தான் இருக்கு” என்றாள், என்னைப் பார்க்காமல். பிறகு ஸ்விட்சைப் போட்டாள்.