“ஒடடசடடன” எண்டொரு ஊர்

“இதுக்கு எத்தினை ஆயிரம் நட்சத்திரம் எண்டு பாரும்!” எண்டு எங்கட பொறுப்பாளர் அண்ணை கணினித் திரையை என்ர பக்கம் திருப்பினார்.

கிளிநொச்சியில உரம், பசளை விக்கிற ஒரு கடைக்கு மேல்மாடிதான் எங்கட கந்தோர். நாலே நாலு பேர். வெப்சைட் செய்து குடுக்கிறம். அண்ணை காட்டினது புதுசா வந்த ஒரு பிரேம்வேர்க். வெப்சைட் கட்டுறதுக்கு அத்திவாரமும் தூணும் போட்டு, எடுத்துப் பாவியுங்கோ, பிழை கண்டால் திருத்துங்கோ எண்டு ஆரோ இலவசமா விட்ட சாமான். பிடிச்சவை நட்சத்திரம் குத்துவினம்.

“நட்சத்திரம் பாக்க நாங்கள் என்ன சாத்திரமோ சொல்லப்போறம்?” எண்டு கேட்டன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்களுக்கு வந்திருந்த வேலை ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்கார அமைப்புகளின்ர வேலை. வயலுக்க யானை இறங்கினால், கண்டவர் போனில பதிய, அந்த ஊருக்கான வெப் பக்கத்தில உடன தெரியவேணும். ஊருக்கு ஒரு பக்கம், அதின்ர முகவரியும் தமிழில. அவையின்ர செயலாளர் அக்கா வெட்டொண்டு துண்டு ரெண்டாச் சொல்லிப்போட்டா: “கதிர் முத்த முன்னம் எங்கட ஊர்ப் பக்கம் ஒழுங்கா வரவேணும் தங்கச்சி. இல்லாட்டிக் கொழும்புக் கொம்பனிக்குக் குடுத்திடுவம்.” அந்த வேலை போனால் எங்கட கந்தோரும் பூட்டுத்தான்.

அண்ணையின்ர புதுசில ஒட்டுசுட்டான் எண்டு அடிச்சுப் பாத்தன். முகவரியில “ஒடடசடடன” எண்டு வந்துது. கிளிநொச்சி “களநசச” ஆச்சுது. அட கோதாரி! எழுத்தோட ஒட்டுற குத்து, அரவு, விசிறி, கொம்பு எண்ட குறியள் ஒண்டையும் விடாமல், இதெல்லாம் எழுத்தே இல்லை எண்டு கூட்டி எறிஞ்சிருக்கு.

“பாத்தீங்களோ? கனகாலம் அடிபட்டு வந்ததைப் பாவிப்பம்” எண்டு நான் நம்பியிருந்த பழைய பிரேம்வேர்க்கைத் திறந்து, பெருமையா அதையே அடிச்சன். அதிலயும் ஒடடசடடன!

அண்ணை விழுந்து விழுந்து சிரிச்சார். “உம்மட பழசின்ர சீத்துவமும் இதுதானே!”

எனக்கு முகத்தில ஈயாடேல்லை. ஆனால் விடுவனோ? “பிழை எல்லாரிலயும்தான் வரும் அண்ணை. சொன்னால் என்ன செய்யினம் எண்டு பாப்பம். படத்தைப் பாத்தே மாப்பிள்ளை எடுக்கிறது? கோவம் வரேக்க எப்பிடி எண்டும் விசாரிக்கவேணும்” எண்டன். அண்ணையும் சம்மதிச்சார். ரெண்டு இடத்துக்கும் ஒரே முறைப்பாட்டை எழுதிப் போட்டன்.

புதுசிட்ட இருந்து கெதியாப் பதில் வந்துது. “இது அபூர்வமான விஷயம், இப்ப முக்கியமில்லை.” அவ்வளவுதான், கதவை அடைச்சுப்போட்டாங்கள். அபூர்வமாம்! நாங்கள் விடிஞ்சால் பொழுதுபட்டால் கதைக்கிற பாஷை இவங்களுக்கு அபூர்வமாம். மேசையில அடிச்ச அடியில அண்ணையின்ர தேத்தண்ணி கவுண்டு போச்சு.

பழசிட்ட இருந்து ஒரு சத்தமுமில்லை. “உம்மட ஆக்கள் நித்திரையோ?” எண்டு அண்ணை வரேக்கயும் போகேக்கயும் நக்கலடிச்சார். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். உள்ளுக்க பயம்தான், வயலில நெல்லு எங்களுக்காகக் காத்துக்கொண்டே நிக்கும்?

ஒருநாள் பதில் வந்துது. எந்த நாட்டு ஆளோ தெரியாது. “மன்னிக்கவேணும், எனக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. எதை விட்டால் பிழை எண்டு சொல்லித் தருவீங்களோ?” எனக்குக் கண் கலங்கிப்போச்சு. அரவையும் குத்தையும் எடுத்தால் பாலும் பல்லும் ஒண்டாப்போகும் எண்டு விளங்கப்படுத்தி எழுதினன். அதுக்குள்ள அவையின்ர ஆள் இன்னொருத்தர் வந்து எழுதினார். “ஒரேயடியா மாத்தினால் ஏற்கனவே இதில ஓடுற தளங்களின்ர முகவரி எல்லாம் உடையும். இப்போதைக்கு வேணுமெண்டவை மட்டும் இந்தத் திருத்தத்தைப் போடக்கூடிய மாதிரி விடுவம், அடுத்த பெரிய பதிப்பில எல்லாருக்கும் மாத்துவம்.”

அண்ணை அதை ரெண்டு தரம் வாசிச்சார். “இது நாலு பேரைப் பாக்கிற குடும்பக்காரன்ர கதையப்பா” எண்டார். அதுக்குப் பிறகு நட்சத்திரக் கதையே எடுக்கேல்லை.

சோதிச்சுப் பாக்கச் சில சொல்லுகள் தாங்கோ எண்டு பழசின்ர ஆக்கள் கேட்டினம். கிளிநொச்சி, அக்கராயன், ஒட்டுசுட்டான் எண்டு அனுப்பினன். ஒரு மத்தியானம் திருத்தின பதிப்பு வந்துது. அதில சிங்களமும் ஹிந்தியும்கூடச் சேந்து சரியாப்போச்சு. நான் சந்தோசத்தில குழறின குழறலில, பாம்பெண்டு நினைச்சுக் கீழ்க்கடைக்காரர் தடியோட ஏறி வந்திட்டார்.

கதிர் பச்சையா நிக்கேக்கயே ஊர்ப் பக்கங்கள் ஏறீட்டுது. அக்கா போன் எடுத்தா, முகவரியை எழுத்தெழுத்தா வாசிச்சா. “ஓம், இது எங்கட ஊர்தான். வேலை உங்களுக்குத்தான் தங்கச்சி.”

எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை. “அக்கா, இன்னொண்டு இருக்கு. அந்தப் பிரேம்வேர்க்கில இனி உலகத்தில எவர் ஒரு வரியை மாத்தினாலும், நான் சோதிக்கக் குடுத்த உங்கட ஊர்ப்பேர் சரியா வருதோ எண்டு கணினி சோதிக்கும். வராட்டி அவையால வெளியில விடேலாது.”

“அப்ப எங்களைக் கேக்காமல் அவையள் இனி ஒண்டும் செய்யேலாது எண்டுறீர்?”

“ஓம் அக்கா,” எண்டன். “செய்யேலாது.”