எட்டுப் பேர் ஏறியதும் மெத்தென்று போன வண்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாதக் காலை. காஞ்சிபுரத்தில் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குற்றவாளியே அதுதான். சரியாகச் சொன்னால், அதை அப்படி ஆக்கிய நான்தான்.

எனக்கு ஏனாத்தூர் பக்கம். கிணற்று மோட்டார், போர் மோட்டார் பழுது பார்ப்பது தொழில். முன்னால் ஐந்து பேர் உட்காரவும் பின்னால் மோட்டாரும் பைப்பும் ஏற்றவும் இடமுள்ள பிக்கப் வண்டி ஒன்று வாங்கினேன். வாங்கியதோடு விட்டிருக்கலாம். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை தலைக்கேறிவிட்டது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தினேன். கூடவே வந்த நல்ல டயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, சேற்றில் ஓடுவதற்கென்றே செய்த மட் டயர்களை மாட்டினேன். கட்டை கட்டையாகப் பல் வைத்த, எவ்வளவு அமுக்கினாலும் அமுங்காத முரட்டு டயர்கள். காற்றும் நாற்பத்தைந்து பாயிண்டுக்குக் குறைய விடமாட்டேன். டயர் புடைத்துக்கொண்டு நின்றால்தான் எனக்குத் திருப்தி. வயல் வரப்பில் போகிற வண்டி என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். உண்மையில் அது பார்த்த சேறு எங்கள் தெருக் குழாயடிச் சேறு மட்டும்தான்.

என் மனைவி பட்டு நெய்கிறவள். பிள்ளையார்பாளையத்தில் அவள் அம்மா வீட்டுத் தறியில்தான் வேலை. வண்டியை உயர்த்திய புதிதில் தினமும் நானே கொண்டுபோய் விட்டேன். அவள் ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்கூட வாங்கி வைத்திருந்தேன். இரண்டு மாதம் வந்தாள். பிறகு ஒருநாள், "நான் பஸ்லயே போய்க்கிறேங்க, எனக்கு அதான் பழக்கம்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஊரே திரும்பிப் பார்க்கிற வண்டி வாசலில் நிற்கிறது, இவள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாளே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அவள் உட்காரும் பக்கம், ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடி லொடலொடவென்று ஆடுவதைக் கவனித்தேன். மட்டமான சாமான் போட்டிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே ஸ்குரூவை முடுக்கி வைத்தேன்.

இப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த வைகாசிக் காலையில் மாமியாரிடமிருந்து போன் வந்தது. மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு ஈரக் காலோடு திரும்பியிருக்கிறாள். அவர்கள் வீட்டுத் தறி குழித்தறி. தரையில் பள்ளம் எடுத்து, அதற்குள் காலை விட்டு மிதிக்கிற தறி. கால் வழுக்கிப் பள்ளத்துக்குள் போனதில், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கால் கோணலாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மரச் சட்டங்களை வைத்துப் பழைய புடவையால் கட்டியிருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், சாமி புறப்பாட்டுக்காகத் தெருக்களை மறித்திருக்கிறார்கள், சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. "மாப்ள, உங்க வண்டியில பின் சீட்டு நீளமா இருக்குமே" என்றார் மாமியார். நாலு பேர் பிடித்து ஏற்றினோம். அவ்வளவு உயரத்துக்கு அவளைத் தூக்கும்போதே, எதற்காக இதை உயர்த்தினேன் என்று மனசுக்குள் நொந்துகொண்டேன். காலை மடியில் தாங்கிக்கொண்டு மாமியார் உட்கார்ந்தார்.

தெருமுனையில் ஒரு ஸ்பீட் பிரேக்கர். எறும்பு ஊர்வது மாதிரிதான் ஏற்றினேன். தூக்கிப் போட்டது. அவள் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்து, பைப் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய சாலை. ஒவ்வொரு கல்லும் அப்படியே சீட்டுக்கு வந்து சேர்ந்தது. "ஏங்க, நிறுத்துங்க. என்னால முடியலிங்க. கீழ எறக்கி உட்டுடுங்க, இங்கியே கெடக்கறேன்." வலி தாங்குகிறவள் அவள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. கட்டியிருந்த சட்டம் நழுவி, தோலுக்கு அடியில் எலும்பு முட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

அப்போதுதான் எதிரே ஒரு கூட்டம் வந்தது. பத்துப் பேர் இருக்கும். வெற்று மேல், இறுக்கிக் கட்டிய வேட்டி, தோளில் மடித்த துண்டு. சாமி தூக்குகிறவர்கள். அடுத்த மண்டபத்தில் தோள் மாற்றிக்கொள்ள வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் என் வயதுள்ள ஒருவர் சத்தம் கேட்டு நின்றார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என் அருமை டயரைக் காலால் ஒரு உதை உதைத்தார்.

"இன்னாணா இது, காத்தா கல்லா? காலி வண்டிக்கு எவனாச்சும் இவ்ளோ அடிப்பானா? நான் தண்ணி கேன் வண்டி ஓட்டறேன். கேனை எறக்கிட்டு வந்தா என் குட்டியானை வண்டியே குதிக்கும். இது குதிக்காதா?"

நான் பதில் சொல்வதற்குள் குனிந்து, ஒரு குச்சியால் வால்வை அமுக்கிக் காற்றை இறக்க ஆரம்பித்துவிட்டார். முன் டயர்களில் நிறைய, பின் டயர்களில் கொஞ்சம். அளவு பார்க்கக் கருவி எதுவும் இல்லை; காலால் மிதித்து மிதித்தே பார்த்துக்கொண்டார். சிங்கம் மாதிரி நின்ற டயர்கள் தொப்பை போட்டு உட்கார்ந்தன. பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "ஏறுங்கபா பின்னால. எட்டுப் பேர் ஏறுங்க. பாரம் இருந்தாதான் ஸ்பிரிங்கு அடங்கும்" என்றார். எட்டுப் பேரும் ஒரு வார்த்தை கேட்காமல் ஏறி, பின் தொட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இன்னொருவர் முன்னால் ஓடி, "வழி உடுங்க, வழி உடுங்க" என்று கூட்டத்தை விலக்கினார். இவர் உள்ளே குனிந்து, தன் தோள் துண்டால் சட்டத்தை மறுபடியும் இறுக்கிக் கட்டிவிட்டு, என் ஜன்னலில் கை வைத்தபடி கூடவே நடந்தார்.

"பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே பிரேக்க புடி. எறங்கும்போது காலை எடுத்துடு. நீ வண்டி ஓட்டறேன்னு நெனைக்காத. தோள்ல சாமி இருக்குது. நீ நடக்கற, அவ்ளோதான்."

நான் நடந்தேன். அதாவது, வண்டியை நடத்தினேன். அடுத்த ஸ்பீட் பிரேக்கர் வந்தபோது கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன். வண்டி மெதுவாக ஏறி, ஒரு பெருமூச்சு விடுவது போல இறங்கியது. பின் சீட்டிலிருந்து முனகல் மட்டும்தான் வந்தது. அதே வண்டி, அதே ரோடு. இரண்டு கிலோமீட்டர் போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாதி வழியில், "இப்ப பரவாயில்லிங்க" என்ற குரல் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கும் வரை இருந்தார்கள். நான் நன்றி சொல்லத் திரும்பியபோது, பத்துப் பேரும் வந்த வழியே ஓடிக்கொண்டிருந்தார்கள். காலைப் பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்சம் குலுங்கியிருந்தால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும், அப்படி ஆகியிருந்தால் இந்தக் கால் பழையபடி ஆவது கஷ்டம் என்றார்.

மறுநாள் மாலை, அந்தத் துண்டைத் துவைத்து எடுத்துக்கொண்டு விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் தெரிந்தது. அவர்கள் குழுவுக்கென்று ஒரு முறை உண்டாம். தங்கள் சொந்தத் தெருவைச் சாமி தாண்டும்போது அவர்கள் தோளில்தான் தாண்ட வேண்டும். அந்த ஒரு தெருவுக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறவர்கள். முந்தின நாள் அவர்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வேறு ஆட்கள் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிவிட்டார்கள்.

துண்டை நீட்டியபடி நின்றேன். அவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். சாமி தூக்கித் தூக்கி அந்தத் தோள் காய்த்துப் போயிருந்தது.

"எங்க வூட்டுப் பசங்கதான் கோச்சிக்கினாங்க, வாசல்ல நின்னு எங்களத் தேடிக்கினு இருந்தாங்களாம். உடுணா. சாமிக்குத் தோள் குடுக்க ஊரே நிக்குது. அக்காவுக்கு நேத்து யார் இருந்தாங்க?" என்றவர், துண்டைச் சரிசெய்துகொண்டே, "மொதல்ல அந்த டயரக் கழட்டு" என்றார்.

அடுத்த வாரமே கழற்றினேன். சாதாரண ரோட்டு டயர், அளவான காற்று, வண்டியும் பழைய உயரம். அம்மா வீட்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவள் முதல்முறையாக வாய் திறந்தாள். என் வண்டியில் வந்த அந்த இரண்டு மாதமும் குலுங்கிக் குலுங்கி, தறியில் உட்காரவே முடியாமல் இடுப்பு வலித்ததாம். ஏன் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். "தெனம் காத்தால துணி வெச்சி அந்த டயரைத் தொடைப்பீங்களே, அப்ப உங்க மூஞ்சியப் பாத்தா எப்டிங்க சொல்றது?" என்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வண்டிக் கதவைத் திறந்து, நான் ஸ்குரூ முடுக்கிய அந்தக் கைப்பிடியைப் பார்த்தேன். சாமான் மட்டமானதில்லை. இரண்டு மாதம், ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டிய எனக்கு அது தெரியவில்லை. இப்போதும் யாரை ஏற்றிக்கொண்டு போனாலும், பள்ளம் வரும்போது என் கண் முதலில் பள்ளத்தைப் பார்ப்பதில்லை; பக்கத்தில் இருப்பவரின் கை எங்கே போகிறது என்றுதான் பார்க்கிறது.